தண்ணீருக்கு அடியில் ஒரு போட்டோ!
பாலத்தையும் எண்ணெய்க் கிணற்றையும் காவல் காக்கும் காமிரா

இங்கிலாந்து நாட்டில் வேமவுத் என்று ஒரு கடற்கரை ஊர் இருக்கிறது.

1856-ம் ஆண்டில் அந்தப் பக்கம் பெரிய புயல் அடித்தது. கடல் கொந்தளித்தது. அங்கு இருந்த ஒரு பாலத்தின் மீது அலைகள் வந்து வந்து மோதின.

வில்லியம் தாம்சன் என்ற வக்கீல் அதைப் பார்த்துக்கொண்டு இருந்தார். அவருக்கு ஒரு யோசனை பிறந்தது.

பாலத்தின் மேல்பகுதி உடைந்தால் கண்ணுக்குத் தெரியும். தண்ணீருக்குள் இருக்கும் பகுதி உடைந்தால் எப்படித் தெரியும்? ஆளை இறக்கிப் பார்க்கப் பணம் நிறைய செலவாகும். ஒரு காமிராவைக் கயிற்றில் கட்டி உள்ளே இறக்கினால் என்ன?

வக்கீல் யோசனையோடு நிற்கவில்லை. ஒரு பெட்டி செய்தார். பெட்டிக்கு முன்னால் கண்ணாடி. கண்ணாடிக்கு மேலே ஒரு மரக் கதவு. கதவில் ஒரு கயிறு. உள்ளே காமிரா.

நண்பருடன் படகில் போனார். பெட்டியை 18 அடி ஆழத்தில் இறக்கினார். கயிற்றை இழுத்தார். கதவு திறந்தது. 10 நிமிடம் காத்து இருந்து, பிறகு கதவை மூடினார்.

பெட்டி மேலே வந்தது. உள்ளே தண்ணீர் புகுந்து இருந்தது! ஆனாலும் படம் அடியோடு கெட்டுப்போகவில்லை. மங்கலாக ஒரு காட்சி விழுந்து இருந்தது.

தண்ணீருக்கு அடியில் எடுத்த முதல் போட்டோ அதுதான் என்று சொல்லுகிறார்கள்.

இன்று உலகம் எங்கும் பாலம், அணை, துறைமுகம், கப்பல், எண்ணெய்க் கிணறு எல்லாவற்றையும் தண்ணீருக்குள் போய்ப் படம் பிடித்துச் சோதிக்கிறார்கள். அந்தப் படம் சரியாக இருந்தால் ஆபத்து முன்கூட்டியே தெரியும். சரியாக இல்லாவிட்டால்?

யாரும் பார்க்காத தூண்

அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தில் ஸ்கோஹாரி என்ற சிற்றாறு ஓடுகிறது. அதன் மேல் ஒரு நெடுஞ்சாலைப் பாலம் இருந்தது. 1954-ம் ஆண்டில் திறக்கப்பட்ட பாலம் அது.

1987-ம் ஆண்டு ஏப்ரல் 5-ந் தேதி, ஆற்றில் வெள்ளம் கரை புரண்டது. பாலத்தின் ஒரு பகுதி திடீர் என்று சரிந்தது. அதன் மேல் வந்த வாகனங்கள் ஆற்றுக்குள் விழுந்தன. 10 பேர் மாண்டார்கள்.

காரணம் என்ன?

பாலத்தின் மேல்பகுதி நன்றாகத்தான் இருந்தது. வெள்ளம் ஒரு தூணின் அடியில் இருந்த மண்ணை அரித்துக்கொண்டு போய்விட்டது. தூணுக்குப் பிடிமானம் இல்லை. பாலம் விழுந்தது.

இதில் வேதனை தரும் சேதி ஒன்று உண்டு. அந்தப் பாலத்தின் அடிப்பகுதியைத் தண்ணீருக்குள் போய்ச் சோதிக்க, அதே ஆண்டில் ஏற்பாடு ஆகி இருந்தது. சோதனைக்கு முன்பே பாலம் விழுந்துவிட்டது!

அடுத்த ஆண்டே அமெரிக்க அரசாங்கம் விதியை மாற்றியது. நீருக்குள் நிற்கும் பாலத் தூண்களை, 5 ஆண்டுக்கு ஒரு முறையாவது நீருக்குள் போய்ப் பார்க்கவேண்டும் என்று உத்தரவு வந்தது.

சரி, பார்க்கிறவர் முக்குளிப்பவர். முடிவு சொல்லுகிறவர் எஞ்சினீயர். எஞ்சினீயர் கரையில் இருக்கிறார். இரண்டு பேருக்கும் நடுவே இருப்பது ஒரு போட்டோ. அந்தப் போட்டோவை நம்பித்தான் முடிவு.

தரையில் போட்டோ எடுப்பது எளிது. தண்ணீருக்குள் அப்படி அல்ல. தண்ணீர் மூன்று வித்தை செய்யும். கண்ணை ஏமாற்றும். நிறத்தைத் திருடும். வெளிச்சத்தைக் கலைக்கும். மூன்றையும் தெரிந்துகொண்டவரே நல்ல படம் எடுக்க முடியும்.

கிண்ணத்தில் ஒரு காசு

வீட்டில் ஒரு சோதனை செய்து பாருங்கள்.

ஒரு கிண்ணத்தில் காசு போடுங்கள். காசு மறையும் வரை மெதுவாகப் பின்னால் நகருங்கள். அங்கேயே நின்றுகொண்டு, கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். மறைந்த காசு மறுபடியும் தெரியும்!

காசு எழுந்து வரவில்லை. தண்ணீரில் இருந்து காற்றுக்கு வரும்போது ஒளி வளைகிறது. அதனால் காசு மேலே வந்ததுபோலத் தோன்றுகிறது.

காமிராவும் இப்படித்தான் ஏமாறுகிறது. காமிரா பெட்டிக்குள் காற்றில் இருக்கிறது. வெளியே தண்ணீர். நடுவில் கண்ணாடி. 4 அடி தூரத்தில் உள்ள பொருள், 3 அடி தூரத்தில் இருப்பதுபோலத் தெரியும். அளவும் பெரிதாகத் தெரியும்.

தூரத்தைக் கையால் திருப்பி வைக்கும் சாதாரண காமிரா ஒன்று பெட்டிக்குள் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாடாவைப் பிடித்து அளந்து, 4 அடி என்று வைத்தால் படம் மங்கிவிடும். 3 அடி என்று வைக்கவேண்டும். தெரிகிற தூரம்தான் கணக்கு.

இன்னொரு நஷ்டமும் உண்டு. பெட்டியின் கண்ணாடி தட்டையாக இருந்தால், காமிரா பார்க்கும் அகலம் கால் பங்கு குறைந்துபோகும். ஓரங்கள் கலங்கும். இதற்காகவே கண்ணாடியைப் பாதிப் பந்து போலக் குவித்துச் செய்கிறார்கள். அதன் வழியாகப் பார்த்தால், தரையில் தெரியும் பரப்பு அப்படியே தெரியும்.

சிவப்பு எங்கே போயிற்று?

சூரிய வெளிச்சத்தில் எல்லா நிறமும் கலந்து இருக்கிறது. தண்ணீர் அவற்றை ஒவ்வொன்றாக விழுங்குகிறது.

முதலில் போவது சிவப்பு. தெளிந்த கடலில்கூட, 5 மீட்டர் ஆழத்துக்குள் சிவப்பு பெரும்பாலும் போய்விடும். அடுத்தது ஆரஞ்சு. அதற்கு அடுத்தது மஞ்சள். கடைசியில் மிஞ்சுவது நீலம்.

ஆழத்தில் வேலை செய்பவரின் விரலில் காயம் பட்டால் ரத்தம் சிவப்பாகத் தெரியாது. கரும்பச்சையாகத் தெரியும்!

சோதனை வேலையில் இது வேடிக்கை அல்ல. இரும்பு துருப்பிடித்து இருக்கிறதா? அது செந்துருவா, கருந்துருவா? பெயிண்ட் உரிந்து பளபள என்று இரும்பு தெரிகிறதா? இதை எல்லாம் நிறத்தைக் கொண்டுதான் எஞ்சினீயர் கண்டுபிடிக்கவேண்டும். எல்லாமே நீலமாக இருந்தால் அவர் என்ன செய்வார்?

அதனால் முக்குளிப்பவர் விளக்கைக் கையோடு கொண்டு போகிறார். விளக்கு வெளிச்சத்தில் சிவப்பு இருக்கிறது. துரு, துருவின் நிறத்திலேயே தெரியும்.

ஆனால் விளக்கும் பொருளும் கிட்டத்தில் இருக்கவேண்டும். ஏன் என்றால், விளக்கின் வெளிச்சம் பொருளுக்குப் போகவேண்டும். அங்கு இருந்து காமிராவுக்குத் திரும்பவேண்டும். பொருள் 2 மீட்டர் தூரத்தில் இருந்தால், வெளிச்சம் 4 மீட்டர் தண்ணீரைக் கடக்கிறது. வழியில் சிவப்பைத் தண்ணீர் விழுங்கிவிடும்.

விளக்கும் ஒரே நாளில் வந்துவிடவில்லை. பிரான்சு நாட்டு விஞ்ஞானி லூயி பூத்தான், 1893-ம் ஆண்டில் கடலுக்கு அடியில் படம் எடுக்கத் தொடங்கினார். தலையில் உலோகக் கூண்டு. உடம்பில் கனத்த உடை. ஒரு படத்துக்கு 30 நிமிடம்கூட அசையாமல் காத்து இருந்தார்.

வெளிச்சம் போதவில்லை என்று, பெரிய மரப் பீப்பாயின் மேல் ஒரு சாராய விளக்கை ஏற்றிவைத்தார். அதைக் கண்ணாடியால் மூடி நீருக்குள் இறக்கினார். ரப்பர் பந்தை அமுக்கினால், மக்னீசியம் தூள் விளக்கின் மேல் பாய்ந்து பளிச் என்று எரியும். நீருக்குள் எரிந்த முதல் பிளாஷ் விளக்குகளில் அதுவும் ஒன்று.

விளக்கை எங்கே பிடிப்பது?

கையில் விளக்கு இருக்கிறது. அதைக் காமிராவுக்குப் பக்கத்திலேயே பிடித்தால் போதுமா? போதாது. அங்கேதான் புதிதாக வருகிறவர்கள் தவறு செய்கிறார்கள்.

சினிமாக் கொட்டகையில் படம் ஓடும்போது மேலே பாருங்கள். ஒளிக் கற்றையில் ஆயிரம் தூசிகள் மின்னும். விளக்கு இல்லாதபோது அந்தத் தூசி கண்ணுக்குத் தெரிந்ததா? இல்லை.

தண்ணீரிலும் அப்படியே. மண், பாசி, சின்னஞ்சிறு உயிர்கள் மிதக்கின்றன. காமிராவை ஒட்டி விளக்கைப் பிடித்தால், அத்தனை துகளும் வெளிச்சத்தை நேராக லென்சுக்கே திருப்பி அடிக்கும். படம் முழுவதும் பனி கொட்டியது போல வெள்ளைப் புள்ளி! அதன் பின்னால் இருக்கும் வெடிப்பு தெரியாது.

பரிகாரம் எளிது. விளக்கைக் காமிராவில் இருந்து விலக்கவேண்டும். ஒரு கை நீட்டிப் பக்கவாட்டில் சாய்வாகப் பிடிக்கவேண்டும். அப்போது லென்சுக்கு முன்னால் உள்ள துகள்களின் மேல் வெளிச்சம் விழாது. பொருளின் மேல் மட்டும் விழும்.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. சாய்வான வெளிச்சத்தில் நிழல் விழும். மாலை வெயிலில் தரையில் உள்ள சிறு பள்ளம்கூடத் தெரிகிறது அல்லவா? அதுபோல, துரு தின்ற குழிகள் நிழலோடு எடுப்பாகத் தெரியும். நேர் வெளிச்சத்தில் அதே இடம் வழவழ என்று தோன்றும்!

கிட்டே போ, இன்னும் கிட்டே போ

நீருக்குள் படம் எடுப்பவர்களுக்கு முதல் பாடம் இதுதான். காமிராவுக்கும் பொருளுக்கும் நடுவே தண்ணீர் எவ்வளவு குறைகிறதோ, அவ்வளவுக்குப் படம் தெளியும்.

ஒரு கணக்கு உண்டு. கண்ணுக்கு 3 மீட்டர் தூரம் தெரிகிறது என்றால், 1 மீட்டருக்கு அப்பால் படம் எடுக்கக்கூடாது. மூன்றில் ஒரு பங்கு. அதற்கும் கிட்டே போனால் இன்னும் நல்லது.

கிட்டே போனால் சிறு இடம்தானே படத்தில் விழும்? அதற்காக அகலமாகப் பார்க்கும் லென்ஸ் போடுகிறார்கள். கிட்டே நின்று பெரிய பரப்பைப் பிடிக்கலாம்.

துறைமுகம், ஆறு, ஏரி ஆகிய இடங்களில் தண்ணீர் கலங்கிக் கிடக்கும். கையை நீட்டினால் கை தெரியாது. அங்கே என்ன செய்வது?

ஒரு தந்திரம் இருக்கிறது. ஒளி புகும் பிளாஸ்டிக் பெட்டியில் நல்ல தண்ணீரை நிரப்புகிறார்கள். அதன் ஒரு பக்கத்தைக் காமிராவோடு ஒட்டவைக்கிறார்கள். மறுபக்கத்தைத் தூணின் மேல் அழுத்துகிறார்கள். நடுவில் இருந்த கலங்கல் தண்ணீர் விலகிவிடுகிறது. காமிரா நல்ல தண்ணீர் வழியாகப் பார்க்கிறது! சேற்று ஆற்றிலும் ஊசி முனை அளவு குழி தெரியும்.

குக்கர் வளையமும் காமிராவும்

தாம்சனின் பெட்டிக்குள் தண்ணீர் புகுந்தது அல்லவா? அந்தப் பயம் இன்றும் இருக்கிறது.

ஆழம் 10 மீட்டர் கூடினால், ஒவ்வொரு சதுர சென்டி மீட்டர் இடத்திலும் 1 கிலோ அழுத்தம் கூடும். 30 மீட்டர் ஆழத்தில் 3 கிலோ. காமிராப் பெட்டியின் கண்ணாடி 10 சென்டி மீட்டர் நீளம், 10 சென்டி மீட்டர் அகலம் என்றால், அதன் மேல் தண்ணீர் 300 கிலோ கனத்துடன் அழுத்துகிறது. நாலு பெரிய ஆட்கள் ஏறி நிற்பது போல!

பெட்டியைக் காப்பது ஒரு ரப்பர் வளையம். வீட்டுக் குக்கர் மூடியில் இருப்பது போன்றதுதான். அந்த வளையத்தில் ஒரு தலைமுடி ஒட்டி இருந்தாலும், ஒரு மணல் துகள் இருந்தாலும் தண்ணீர் புகுந்துவிடும்.

ஆகவே பெட்டியை மூடும் முன்பு வளையத்தைக் கழற்றித் துடைக்கவேண்டும். மெல்லிய பசை தடவவேண்டும். காமிரா இல்லாமல் வெறும் பெட்டியைத் தண்ணீரில் அமுக்கிப் பார்க்கவேண்டும். காற்றுக் குமிழி வந்தால் உஷார்!

படத்தில் ஒரு அளவுகோல்

கல்யாணப் படம் அழகாக இருந்தால் போதும். சோதனைப் படத்துக்கு அழகு தேவை இல்லை. சாட்சி சொல்லவேண்டும். கோர்ட்டில் சாட்சி சொல்வது போல, எது, எங்கே, எப்போது, எவ்வளவு என்ற நாலு கேள்விக்கும் அது பதில் சொல்லவேண்டும்.

முதல் வேலை சுத்தம். நீருக்குள் உள்ள இரும்பிலும் சிமெண்டிலும் பாசியும் சிப்பியும் அடை அடையாக ஒட்டி இருக்கும். கம்பித் தூரிகையாலோ, வேகமான தண்ணீர்ப் பாய்ச்சலாலோ அதைச் சுரண்டி எடுக்கவேண்டும். சிப்பியைப் படம் பிடித்து என்ன பயன்?

இரண்டாவது, பெயர்ப் பலகை. எந்தத் தூண், எந்தப் பகுதி, என்ன தேதி, படத்தின் எண் என்ன என்று சிறு பலகையில் எழுதிப் படத்துக்குள்ளேயே வைக்கவேண்டும். நூறு தூண்களும் ஒரே மாதிரி இருக்கும். பலகை இல்லாவிட்டால் எது எந்தத் தூண் என்று யாருக்கும் தெரியாது.

மூன்றாவது, அளவுகோல். வெடிப்புக்குப் பக்கத்தில் ஒரு அளவுகோல் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் ஒரு அங்குல வெடிப்பும் ஒரு அடி வெடிப்பும் படத்தில் ஒன்றுபோலத் தோன்றும். தண்ணீர் எதையும் பெரிதாகக் காட்டும் என்பதை மறக்கக்கூடாது. அளவுகோலும் அதே அளவு பெரிதாகத் தெரிவதால் கணக்குத் தப்பாது.

நான்காவது, காமிராவை நேராகப் பிடிப்பது. சாய்ந்தால் அளவு மாறும். இதற்காகக் காமிராவின் முன்னால் ஒரே நீளம் உள்ள கம்பிகளைப் பொருத்துகிறார்கள். கம்பிகளின் நுனி இரும்பில் படும்படி நின்றால் போதும். தூரம் எப்போதும் ஒன்றாக இருக்கும். காமிராவும் நேராக இருக்கும்.

ஐந்தாவது, தூரப் படம், நடுத்தரப் படம், கிட்டப் படம் மூன்றும் வேண்டும். முகத்தில் உள்ள மச்சத்தை மட்டும் எடுத்தால், அது யார் முகம் என்று தெரியுமா?

நீளமான வெல்டிங் என்றால் வரிசையாகப் பல படம் எடுக்கவேண்டும். ஒரு படத்தின் ஓரம் அடுத்த படத்திலும் வரவேண்டும். ஓடு வேய்வது போல, ஒன்றின் மேல் ஒன்று ஏறி இருக்கவேண்டும். பெரிய குழாயைச் சுற்றிப் படம் எடுக்கும்போது, கடிகாரம் போல 12, 3, 6, 9 என்று குறி வைத்துக்கொள்கிறார்கள். அப்போதுதான் எந்தப் பக்கமும் விட்டுப்போகாது.

எல்லாம் வேகமாக நடக்கவேண்டும். ஏன் என்றால் நேரம் இல்லை. அமெரிக்கக் கடற்படையின் அட்டவணைப்படி, 100 அடி ஆழத்தில் 25 நிமிடத்துக்கு மேல் இருந்தவர் நேரே மேலே வரக்கூடாது. வழியில் நின்று நின்று வரவேண்டும். அவசரப்பட்டு வந்தால் ரத்தத்தில் காற்றுக் குமிழி உண்டாகும். உயிருக்கே ஆபத்து. ஒரு படம் கெட்டுப்போனால், இன்னொரு மனிதர் இன்னொரு முறை அந்த ஆபத்தில் இறங்கவேண்டும்.

ஒரு சிறு வெடிப்பு, 123 உயிர்

இவ்வளவு கவனம் தேவையா என்று சிலர் கேட்கலாம். நார்வே நாட்டுக் கதையைக் கேட்டால் அப்படிக் கேட்கமாட்டார்கள்.

வட கடலில் எண்ணெய் எடுக்கும் தொழிலாளர்கள் தங்குவதற்கு, கடலில் மிதக்கும் விடுதி ஒன்று இருந்தது. 'அலெக்சாண்டர் கீலாண்ட்' என்பது அதன் பெயர். அதற்கு ஐந்து பெரிய கால்கள். கால்களை இணைக்கக் குறுக்கே பருத்த இரும்புக் குழாய்கள்.

1980-ம் ஆண்டு மார்ச் 27-ந் தேதி மாலை. வேலை முடிந்தவர்கள் ஓய்வாக இருந்தார்கள். வெளியே காற்றும் அலையும். திடீர் என்று ஒரு குழாய் முறிந்தது. அதைத் தொடர்ந்து மற்றக் குழாய்களும் முறிந்தன. ஒரு கால் அடியோடு பிய்த்துக்கொண்டு போயிற்று. விடுதி சாய்ந்தது. சிறிது நேரத்தில் தலைகீழாகக் கவிழ்ந்தது.

உள்ளே இருந்தவர்கள் 212 பேர். அவர்களில் 123 பேர் மாண்டார்கள்.

விசாரணை நடந்தது. முறிந்த குழாயில் ஒரு சிறு கருவியை மாட்டுவதற்காக ஒரு தாங்கியை வெல்டிங் செய்து இருந்தார்கள். அந்த வெல்டிங்கில் ஒரு சிறு வெடிப்பு. அலை மோத மோத அந்த வெடிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்து, குழாயையே முறித்துவிட்டது.

வெடிப்பின் உள்ளே பெயிண்ட் இருந்தது! அதாவது, பெயிண்ட் அடித்த நாளிலேயே அங்கே வெடிப்பு இருந்தது. யாரும் அதைக் கவனிக்கவில்லை.

இருட்டில் ஒளிரும் கோடு

மயிரிழை போன்ற வெடிப்பு, எவ்வளவு நல்ல காமிராவுக்கும் தெரியாமல் போகலாம். அதற்கும் வழி கண்டு இருக்கிறார்கள்.

சுத்தம் செய்த வெல்டிங்கைக் காந்த சக்தி பெறச் செய்கிறார்கள். அதன் மேல் ஒளிரும் சாயம் பூசிய நுண்ணிய இரும்புத் தூளைத் தண்ணீரில் கலந்து விடுகிறார்கள். வெடிப்பு இருக்கும் இடத்தில் காந்த சக்தி கசியும். தூள் அங்கே போய் ஒட்டிக்கொள்ளும். பிறகு மற்ற விளக்கை அணைத்துவிட்டு, புற ஊதா விளக்கைக் காட்டுகிறார்கள். வெடிப்பு, பச்சைக் கோடாக ஒளிர்கிறது. அதைப் படம் பிடிக்கிறார்கள்!

ஆள் போகாத ஆழம்

மனிதன் போக முடியாத ஆழத்துக்கு இப்போது யந்திரம் போகிறது. மேலே கப்பலில் ஒருவர் உட்கார்ந்து திரையைப் பார்த்தபடி அதை ஓட்டுகிறார். காமிராவும் விளக்கும் யந்திரத்தில் இருக்கும்.

1966-ம் ஆண்டில் ஸ்பெயின் நாட்டுக்கு அருகே இரண்டு அமெரிக்க விமானங்கள் மோதிக்கொண்டன. ஒரு ஹைட்ரஜன் குண்டு கடலில் விழுந்தது. 80 நாள் கழித்து, 800 மீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் இருந்து அதை வெளியே கொண்டு வந்தது 'கர்வ்' என்ற யந்திரம். குண்டின் பாராசூட்டில் யந்திரமே சிக்கிக்கொண்டது. இரண்டையும் சேர்த்தே மேலே தூக்கினார்கள்!

சென்னையில் உள்ள தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனமும் இப்படி ஒரு யந்திரம் வைத்து இருக்கிறது. 'ரோசப் 6000' என்ற அந்த யந்திரம், 2010-ம் ஆண்டில் இந்தியப் பெருங்கடலில் 5 ஆயிரம் மீட்டருக்கும் கீழே இறங்கியது.

யந்திரம் போனாலும் மனிதன் போனாலும், விதி ஒன்றுதான். கிட்டே போகவேண்டும். விளக்கை விலக்கிப் பிடிக்கவேண்டும். அளவுகோலும் பலகையும் படத்தில் இருக்கவேண்டும். தண்ணீரின் குணம் மாறவில்லை. ஆகவே விதியும் மாறவில்லை.

இன்று எடுத்த படத்தைப் பத்திரமாக வைக்கிறார்கள். அடுத்த சோதனையில் அதே இடத்தை அதே தூரத்தில் எடுத்து, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். குழி வளர்ந்து இருக்கிறதா? வெடிப்பு நீண்டு இருக்கிறதா? வளர்ந்து இருந்தால் பாலத்தை மூடிப் பழுது பார்க்கிறார்கள்.

அப்படி மூடும்போது, பஸ்சில் போகிறவர்கள் சுற்று வழி என்று முணுமுணுப்பார்கள். தண்ணீருக்கு அடியில் யாரோ ஒருவர் இருட்டில் நின்று, அளவுகோலைப் பிடித்துக்கொண்டு ஒரு போட்டோ எடுத்தார் என்பது அவர்களுக்குத் தெரியாது.